‘பார்த்தா அப்படித் தெரியலையே!’
ஆட்டிசம்: வாசகர் கேள்வி – பதில்

ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதையும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றையும் மூளை வேறு மாதிரி கையாளும் நிலை) பற்றி வந்த கடிதங்களில், பேசுகிற, படிக்கிற, வேலைக்குப் போகிற, வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாதவர்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் அடங்கிய குழு பதில் சொல்கிறது.

என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு. போன வருஷம் ‘மைல்டு ஆட்டிசம்’ என்றார்கள். ஸ்கூலில், ‘இவளை மாதிரி அமைதியான பிள்ளையே கிடையாது’ என்கிறார்கள். வீட்டுக்குள் கால் வைத்ததும் பையை வீசுகிறாள், தம்பியை அடிக்கிறாள், சாக்ஸைக் கழற்ற முடியாமல் அழுகிறாள். ‘நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்குறீங்க’ என்று மிஸ் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், திருச்சி

மிஸ் பார்ப்பதும் உண்மை, நீங்கள் பார்ப்பதும் உண்மை. அங்கே அமைதியாக இருப்பதற்கான கூலியை அவள் இங்கே கொடுக்கிறாள். மற்றவர்கள் சிரிக்கும்போது எப்போது சிரிப்பது, கேள்வி கேட்டால் எத்தனை நொடிக்குள் தலையாட்டுவது, காதைப் பொத்தத் தோன்றும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிறாள். மற்ற பிள்ளைகளுக்குத் தானாக வருவது அவளுக்கு வேலை. கூடவே பெஞ்சை இழுக்கும் சத்தம், பிரேயர் மைக், 40 டிபன் பாக்ஸ் ஒரே நேரத்தில் திறக்கும் வாசனை. இத்தனையையும் அடக்கிக்கொண்டு வந்து, திட்டு விழாது என்று தெரிந்த ஒரே இடத்தில் விடுகிறாள்.

செல்லத்தால் வரும் அடமா, தாங்கமுடியாமல் வெடிக்கும் ‘மெல்ட்டவுனா’ என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். அடம் பிடிக்கிற பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று நடுவில் கவனிக்கும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் நிற்காது. தானாக எரிந்து தீர்ந்தபிறகு பிள்ளை துவண்டு போகும், பலர் தூங்கிவிடுவார்கள்.

வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தை மாற்றுங்கள். கதவைத் திறக்கும்போது ‘வந்துட்டியா’ போதும். ‘இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ வேண்டாம். ஆறு மணி நேரத்தை நினைவுபடுத்தி, வரிசையாக்கி, வார்த்தை தேடிச் சொல்லவேண்டிய கேள்வி அது. முதலில் யூனிஃபார்ம் கழலட்டும்: சாக்ஸ் தையல், பெல்ட், கடைசியாக ரெட்டைச் சடை. இறுக்கிப் பின்னிய சடை காலையிலிருந்து தலைத்தோலை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். பலருக்கு அதை அவிழ்ப்பதிலேயே பாதி இறங்கும். பிறகு தினமும் ஒரே தட்டில் ஒரே தின்பண்டம், முறுக்கு மாதிரி நன்றாகக் கடிக்கிற எதுவானாலும் சரி. ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர். மெல்லுவதும் உறிஞ்சுவதும் பல பிள்ளைகளுக்கு உடம்பை அடக்கும். அதற்குப்பிறகு லைட் அணைத்த அறை. தம்பிக்கு அந்த ஒரு மணி நேரம் உள்ளே அனுமதி இல்லை. ஃபோன் கேட்டால் ஏற்கெனவே நூறு முறை பார்த்த வீடியோ பரவாயில்லை. ரீல்ஸ் வேண்டாம், ஒவ்வொரு 15 நொடிக்கும் புதுச் சத்தம் வரும். ஐந்து மணி டியூஷன் இருந்தால் ஆறரைக்குத் தள்ளுங்கள், அல்லது சனி ஞாயிறுக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றை மாற்றாமல் மற்றதையெல்லாம் செய்து பலன் இல்லை என்று சொல்லும் வீடுகள் நிறைய.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு விஷயம் குறியுங்கள்: வெடித்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று ஸ்கூலில் வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது (பி.டி., டெஸ்ட், வேறு டீச்சர் வந்தது), முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள். அந்த நோட்டோடு மிஸ்ஸைப் பாருங்கள். அவள் கத்துவதை வீடியோ எடுத்துக் காட்டாதீர்கள். 13 வயதுப் பெண், ஒருநாள் அவளுக்குத் தெரியவரும்.

ஸ்கூலில் கேட்கவேண்டியது மூன்றுதான். இரண்டாவது வரிசையில் சுவரோரம் இடம், ஸ்பீக்கருக்குக் கீழே இல்லாமல். டைம்டேபிள் மாறினால் முதல் நாளே சொல்வது. வாய் திறந்து கேட்காமல் ஐந்து நிமிடம் வெளியே போய்வர ஒரு கார்டு. கார்டில்தான் வழக்கமாகச் சிக்கல் வரும்: எல்லோரும் பார்ப்பார்களே என்று அவள் எடுக்கவே மாட்டாள். அதனால் முதல் சில வாரம் மிஸ்ஸே நோட்டைக் கொடுத்து ‘ஆபீஸ் ரூம்ல குடுத்துட்டு வா’ என்று நாளுக்கு இரண்டு தடவை அனுப்பட்டும். வெளியே போவது பழகிவிட்டால் கார்டு பிறகு வரும். ஒன்றுகூட: அமைதியான பிள்ளை என்பதால் வாயாடிப் பையன்களுக்கு நடுவில் இவளை ‘கன்ட்ரோலுக்கு’ உட்கார வைப்பார்கள். அதைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘ஹை ஃபங்க்ஷனிங்’ என்று போட்டுத் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா? அட்மிஷனுக்கு உதவும் என்கிறார்கள்.
– கே.எஸ்., கோயம்புத்தூர்

கேட்காதீர்கள். அப்படி ஒரு டயக்னோசிஸ் எந்த மருத்துவக் கையேட்டிலும் இருந்ததில்லை. அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-ல், அதுவரை தனிப் பெயராக இருந்த ஆஸ்பெர்கர் உட்பட எல்லாவற்றையும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்து, எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்து 1, 2, 3 என்று நிலை பிரித்தது. பேசிப் பழகுவதில் ஒரு நிலையும், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் வேறு நிலையும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். அட்மிஷனுக்காக அந்த வார்த்தையை வாங்கினால், ஆறு மாதம் கழித்து உதவி கேட்கும்போது அதே பேப்பரைக் காட்டி ‘ஹை ஃபங்க்ஷனிங்தானே’ என்பார்கள்.

மகனுக்கு 6 வயது. தெரபி சென்டரில் ‘கண்ணைப் பார்’ என்று சொல்லி 10 நொடி பார்த்தால் ஒரு ஜெம்ஸ் கொடுக்கிறார்கள். கையை உதறினால் பிடித்து மடியில் வைக்கிறார்கள். இப்போது நன்றாகப் பார்க்கிறான். தொடரலாமா?
– ஒரு தந்தை, மதுரை

இந்த இரண்டு இலக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவன் கண்ணைப் பார்க்கிறான், சரி. அந்த 10 நொடியில் நீங்கள் சொன்னது அவன் காதில் ஏறியதா? இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பார்க்கச் சொல்லிவிட்டு, ‘கப்போர்டைத் திற, சிவப்பு டப்பாவை எடு, பாட்டிகிட்ட குடு’ என்று மூன்று கட்டளை கொடுங்கள். இன்னொரு நாள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதேபோல் வேறு மூன்று கொடுங்கள். தரையைப் பார்க்கும்போதுதான் சரியாகச் செய்வான் என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பது உடம்பில் கூசுகிற விஷயம். அதைத் தாங்குவதற்கே கவனம் முழுக்கப் போய்விடும். நீங்கள் பேசுவதை அவன் கேட்கிறான் என்பதற்கு உடம்பை உங்கள் பக்கம் திருப்புவதோ ‘ம்’ கொட்டுவதோ போதும்.

கை உதறுவது சந்தோஷத்திலும் வரும், பதற்றத்திலும் வரும். பிடித்து வைத்தால் பதற்றம் குறையாது. நகம் கடிப்பது, உதட்டைப் பிய்ப்பது, வயிற்றுவலி என்று கண்ணுக்குத் தெரியாத வேறு வழி தேடும். தலையைச் சுவரில் இடிப்பது, கையைக் கடித்துக்கொள்வது போல காயம் ஆகிறவற்றை மட்டும் மாற்றவேண்டும். சட்டைக் காலரை மென்று கிழிக்கிறானென்றால் மெல்லுவதற்கென்றே ஃபுட் கிரேடு சிலிக்கானில் கிடைக்கும் பென்டன்ட் வாங்கலாம். கயிறு இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். பல் தடம் ஆழமாகப் பதிந்தாலோ ஓரம் கிழிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள், துண்டு தொண்டையில் சிக்கும்.

அந்த நேரத்தில் சென்டரில் என்ன சொல்லித்தரலாம் என்றால்: ‘வேண்டாம்’ சொல்ல, ‘போதும்’ சொல்ல, வலிக்கிற இடத்தைக் காட்ட, பாத்ரூம் கேட்க, ரோடு ஓரத்தில் நிற்க. முதல் இரண்டும் மிக முக்கியம். யார் கையைப் பிடித்து எங்கே வைத்தாலும் சும்மா இருக்கவேண்டும் என்று ஆறு வயதில் பழகிய பிள்ளை, பதினாறு வயதில் தப்பான ஆளிடமும் சும்மா இருக்கும். சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அவன் முடியாதுன்னு காட்டினா நீங்க என்ன செய்வீங்க?’ பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

வயது 27. ஐ.டி. வேலை. சின்ன வயதிலிருந்தே மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன்: எப்போது சிரிப்பது, ‘சாப்டீங்களா’ என்று எப்போது கேட்பது எல்லாம் மனப்பாடம். சமீபத்தில் ஆட்டிசம் என்று உறுதியானது. டீம் லீட் ஆனதிலிருந்து சாயங்காலம் ஆனால் பேச்சே வருவதில்லை. சமைக்க மறந்துவிட்டது போல் இருக்கிறது. வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பதில் போட முடியவில்லை. டிப்ரஷனா?
– பெயர் வேண்டாம், சென்னை

டிப்ரஷனும் இருக்கலாம், மனநல மருத்துவர் பார்த்தே சொல்லவேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதன் அடையாளம் மூன்று: மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு வந்த திறமைகள் நழுவிப்போவது, சத்தம் வெளிச்சம் முன்பைவிடத் தாங்காமல் போவது. டிப்ரஷனில் பிடித்த விஷயத்திலும் ஆசை போய்விடும். பர்ன்அவுட்டில் ஆசை இருக்கும், எழுந்து செய்யத் தெம்பு இருக்காது. இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏனென்றால் டிப்ரஷனுக்கு வழக்கமாகச் சொல்லும் ‘வெளியே போங்க, நாலு பேரைப் பாருங்க’ என்ற யோசனை பர்ன்அவுட்டை இன்னும் மோசமாக்கலாம்.

டீம் லீட் ஆனதில்தான் முடிச்சு. கோட் எழுதியபோது மனப்பாட வசனம் நாளுக்கு அரை மணி நேரம் தேவைப்பட்டிருக்கும். இப்போது ஸ்டாண்ட்அப், ஒன்-ஆன்-ஒன், கிளையன்ட் கால், எஸ்கலேஷன் எல்லாமே வசனம். அதிலும் ஒருவர் மூட் அவுட்டாக வந்தால் உங்களிடம் எழுதி வைத்த பக்கம் இல்லை, அந்த இடத்திலேயே புதிதாக எழுதவேண்டும்.

ஒரே நாளில் எல்லா நடிப்பையும் விட்டுவிடாதீர்கள். இணையத்தில் ‘மாஸ்க்கைக் கழற்றி எறி’ என்று உற்சாகமாகச் சொல்வார்கள். மாதத் தவணை கட்டுகிற ஆளுக்கு அது நல்ல யோசனை இல்லை. ஒரு பேப்பரில் நீங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: கண்ணைப் பார்ப்பது, குரலை ஏற்றி இறக்குவது, லஞ்ச் டேபிளில் உட்கார்வது, கால் ஆட்டாமல் இருப்பது, ஃபோன் வந்தால் உடனே எடுப்பது, ஜோக்குக்குச் சிரிப்பது. பக்கத்தில் இரண்டு எண், 0 முதல் 10 வரை: எவ்வளவு களைக்கிறது, எவ்வளவு பயன் கிடைக்கிறது. களைப்பு 8, பயன் 2 என்று வருவதை முதலில் விடுங்கள். பலருக்கு அது லஞ்ச் டேபிளும் கால் ஆட்டாமல் இருப்பதும்தான். மேஜைக்குக் கீழே கால் ஆடினால் யாருக்கும் தெரியாது. லஞ்ச்சுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து, மற்ற நாள் ‘நடந்துட்டு வரேன்’ என்று கிளம்புங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு மூன்றைச் சேர்த்து விட்டால் எது உதவியது, எது பிரச்சினை செய்தது என்று தெரியாது.

ஆபீஸில் கேட்கக்கூடியவை: மீட்டிங் அஜெண்டா முதல் நாளே எழுத்தில், வாய்ப்பேச்சு முடிவுகள் மெயிலில், நாளுக்கு இரண்டு மணி நேரம் மீட்டிங் இல்லாத நேரம், நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன், ஏசி வென்ட்டுக்கும் பேன்ட்ரிக்கும் தள்ளி இடம். இவற்றை ஆட்டிசம் என்ற வார்த்தையே இல்லாமல் ‘இப்படி இருந்தா எனக்கு வேலை சீக்கிரம் முடியும்’ என்றும் கேட்கலாம். முதலில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தால் மேனேஜரிடம் வாய்மொழியாக வேண்டாம், ஹெச்.ஆருக்கு எழுத்தில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21-வது பிரிவு, நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எழுதுங்கள். டீம் லீட் பொறுப்பிலிருந்து பழைய இடத்துக்குத் திரும்புவதும் ஒரு வழிதான், அதைத் தோல்விக் கணக்கில் வைக்காதீர்கள்.

பேச்சு நின்றுவிடும் சாயங்காலங்களுக்கு வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். ஃபோனில் ‘பேச முடியல, உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஒரு மணி நேரம் கழிச்சு’ என்று டைப் செய்து வைத்து, தேவையானபோது காட்டுங்கள். சமைக்க முடியாத வாரத்துக்கு மாவு பாக்கெட்டும் பொடியும் தயிரும் போதும்.

ஆட்டிசத்தை மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் வெளிப்படையாகச் சொல்கிறோம்: அப்படி எண்ணம் வந்தால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. ஃபோனில் பேச வராது என்றால் நம்பகமான ஒருவரைப் பக்கத்தில் வைத்து அவரைப் பேசச் சொல்லுங்கள்.

மகனுக்கு டயக்னோசிஸ் ஆனபோது டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ‘எனக்கும்தானே’ என்று தோன்றியது. வயது 34. ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். 20 நிமிடத்தில், ‘நல்லா கண்ணைப் பார்த்துப் பேசுறீங்களே, கல்யாணம் ஆகி குழந்தையும் இருக்கே’ என்று அனுப்பிவிட்டார்.
– ஒரு வாசகி, ஈரோடு

பெண்களிடம் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெண் பிள்ளையை ‘சிரிச்சுப் பேசு, வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடு, காலை மடக்கி உட்காரு’ என்று ஐந்து வயதிலிருந்து திருத்திக்கொண்டே இருப்பதால் மறைக்கும் பயிற்சி நன்றாகவே கிடைத்துவிடுகிறது.

அடுத்த முறை போகும்போது தயார் செய்துகொண்டு போங்கள். சிறுவயது விவரம்தான் உயிர்நாடி. அறிகுறிகள் குழந்தைப் பருவத்திலிருந்தே இருந்திருக்கவேண்டும் என்பது டயக்னோசிஸின் நிபந்தனை. அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள்: எப்போது பேச ஆரம்பித்தேன், எந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டேன், எந்தத் துணிக்கு அழுவேன், யாரோடு விளையாடினேன், என்ன சத்தத்துக்கு ஓடினேன். பழைய ராங்க் கார்டில் ‘யாருடனும் சேர்வதில்லை’ என்று ஏதாவது டீச்சர் எழுதியிருந்தால் நகல் எடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் வெளியே என்ன தெரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று இரண்டு வரி: ‘கண்ணைப் பார்க்கிறேன் – மூக்கின் மேல்பகுதியைப் பார்த்தபடி மூன்று வரை எண்ணுகிறேன்.’ இந்த ஒரு வரி 20 நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

ஆட்டிசத் தன்மைகளை அளக்கும், 2001-ல் வந்த ஏக்யூ என்ற 50 கேள்விப் பட்டியலும், 2019-ல் வந்த கேட்-க்யூ என்ற 25 வாக்கியப் பட்டியலும் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டாவது, மறைப்பதையே அளக்கிறது. இவை எதையும் உறுதி செய்யாது. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும். மருத்துவக் கல்லூரி மனநலத் துறை, சென்னை முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட், பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகியவை விசாரிக்கவேண்டிய இடங்கள். ‘பெரியவர்களுக்கு ஆட்டிசம் அசெஸ்மென்ட் செய்கிறீர்களா?’ என்று முதலில் ஃபோனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு), பதற்றம், தைராய்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது.

மகன் பத்தாம் வகுப்பு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனால் ‘நார்மலாத்தானே இருக்கான்’ என்று சொல்லிவிடுவார்களோ?
– வி.ஆர்., சேலம்

சொல்லக்கூடும், அதற்குப் பாதிக் காரணம் பெற்றோர்தான். சான்றிதழுக்கு ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை வைத்து. மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று முடிவாகிவிடும். அங்கே உட்கார்ந்ததும் பெற்றோருக்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. ‘தானே டிரஸ் பண்ணுவானா?’ என்றால் ‘பண்ணுவான் சார்’ என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். சட்டையை எடுத்து வைத்து, நான்கு முறை ஞாபகப்படுத்தி, பட்டனைச் சரிசெய்து, 35 நிமிடம் ஆகிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். ‘செய்வான்’ என்று ஒருபோதும் நிறுத்தாதீர்கள். யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் உதவினால் செய்வான் என்று சொல்லுங்கள். பொய் சேர்க்கவேண்டாம். மோசமான நாளையும் கணக்கில் சேர்த்தால் போதும்.

விண்ணப்பம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யுடிஐடி இணையதளம் வழியாகத்தான். ஆதார், ஃபோட்டோ, பழைய அசெஸ்மென்ட் ரிப்போர்ட், ஸ்கூலிலிருந்து ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும். சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். தேர்வில் மாநில போர்டில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவை தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துக் கிடைப்பவை. சிபிஎஸ்இ-யில் மணிக்கு 20 நிமிடம் வீதம். டிசம்பரில் ஓடாதீர்கள், ஜூன் ஜூலையிலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். எழுதுபவர் வந்தால் அவரோடு இரண்டு மாதிரித் தேர்வாவது எழுதிப் பழகவேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பதில் மறந்துபோகும். கூடுதல் நேரம் மட்டும் வாங்கிக்கொண்டு தானே எழுதுவது நல்லது என்று முடிவாகும் பிள்ளைகளும் உண்டு.

தங்கை கல்யாணம் வருகிறது. 16 வயது மகனை மண்டபத்தில் எப்படிச் சமாளிப்பது? விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை, ‘உங்க மகன் எங்கே’ என்பார்கள்.
– பெயர் வேண்டாம், விருதுநகர்

முதலில் அவனிடம், வர விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமென்றால் ஒரு வேலை கொடுங்கள். வாசலில் சந்தனம், பன்னீர் பக்கம் நிறுத்தாதீர்கள். 300 முகம், 300 ‘என்னப்பா என்ன படிக்கிற’. தாம்பூலப் பை போடுகிற அறை சரியான இடம். தேங்காய், வெற்றிலை, பாக்கு, வரிசையாக, நாலு சுவருக்குள். அங்கே இருக்கிறவனை யாரும் ‘சும்மா உக்காந்திருக்கான்’ என்று சொல்லமுடியாது.

முதல் நாள் மண்டபம் காலியாக இருக்கும்போது கூட்டிப்போய் பாத்ரூம், பின்வாசல், அந்த அறை மூன்றையும் காட்டிவிடுங்கள். ஃபோம் இயர்பிளக்கை வீட்டிலேயே பழக்குங்கள்: விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு 30 நொடி விரலால் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் விட்டால் வெளியே வந்துவிடும், ‘இது வேலை செய்யல’ என்று பையன் தூக்கிப் போட்டுவிடுவான். கெட்டிமேளம் எப்போது என்று ஐயரிடம் கேட்டுவைத்து, ஐந்து நிமிடம் முன்னால் மாட்டிக்கொள்ளட்டும். தாலி கட்டுவதைப் பார்த்து அட்சதை போட்டதும் திரும்ப அறைக்கு. சாப்பாடு முதல் பந்தியில், ஓர இலையில், நீங்கள் பக்கத்தில்.

கிளம்ப ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அவன் காட்டினால் ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ கிடையாது. ஃபோட்டோ நேரமாக இருந்தாலும் யாராவது ஒருவர் வண்டிச் சாவியோடு தயாராக இருக்கவேண்டும். அது யார் என்று முதல் நாளே முடிவுசெய்யுங்கள்.